விளக்கு வடிவமைப்பில் கலையும் பயனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுவோரும் உள்ளலங்காரம் செய்வோரும் விளக்குகளைப் பற்றிக் கேட்பவற்றுள் சில, விலையையும் வாட்டையும் தாண்டிச் செல்பவை. ஒரு விளக்கை ஏன் கலைப்பொருள் என்கிறார்கள், அதற்கு ஏன் அவ்வளவு விலை, அது நம் அறையில் உண்மையில் என்ன செய்யும் என்பன போன்ற கேள்விகள் அவை. அவற்றுக்கான விடைகளை, வடிவமைப்பு வரலாற்றில் நிலைத்துவிட்ட சில விளக்குகளை முன்வைத்து இங்கே தந்திருக்கிறோம்.

விளக்கு வடிவமைப்பாளர் உண்மையில் எதை வடிவமைக்கிறார்?

கடையில் நம் கண்ணில் படுவது உலோகமும் கண்ணாடியும் துணியும் சேர்ந்த ஒரு பொருள். வீட்டுக்கு வந்தபின் நாம் அன்றாடம் பழகப்போவதோ, அந்தப் பொருள் மேசையிலும் சுவரிலும் எதிரே அமர்ந்திருப்பவர் முகத்திலும் விழச்செய்யும் ஒளியோடு. நல்ல வடிவமைப்பாளர் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறார்: ஒளி எங்கே விழ வேண்டும், எங்கே விழக்கூடாது, ஒளி பிறக்கும் பல்பு யார் கண்ணுக்கு மறைய வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு, அதற்கு ஏற்ற உருவத்தைத் தேடுகிறார். விளக்கின் அழகு பெரும்பாலும் இந்தத் தேடலில்தான் பிறக்கிறது. உருவத்தை முதலில் வரைந்துவிட்டு உள்ளே எங்காவது பல்பைச் செருகிய விளக்கை, ஸ்விட்சைப் போட்ட மறுகணமே அடையாளம் காணலாம். அப்போதே கண் கூசும்.

கண்கூச்சம் அவ்வளவு பெரிய சிக்கலா?

இந்தத் துறையின் முதற்சிக்கல் அதுவே என்று சொன்னால் மிகையாகாது. குத்துவிளக்கின் சுடர் நேரே கண்ணுக்கு முன் எரிந்தாலும் நமக்குக் கூசுவதில்லை. ஒரு மெழுகுவத்திச் சுடர் தருவது ஏறக்குறைய 12 லூமன் ஒளி. எண்ணெய் விளக்கும் அந்த அளவை ஒட்டியதே. பழைய 60 வாட் குண்டு பல்போ ஏறத்தாழ 800 லூமன் தந்தது, அதுவும் நூல் போன்ற ஓர் இழையிலிருந்து. சுடருக்குப் பழகிய கண்ணுக்கு மின்விளக்கு ஓர் அதிர்ச்சியாக வந்தது. அந்த அதிர்ச்சியை எப்படிக் குறைப்பது என்பதையே தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த பௌல் ஹென்னிங்சன் (1894–1967).

மண்ணெண்ணெய் விளக்கின் இதமான ஒளியில் வளர்ந்த அவர், மின்சாரம் வந்தபின் வீடுகள் வெளிச்சமாயினவே தவிர இனிமையாகவில்லை என்று கருதினார். 1925ஆம் ஆண்டுப் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சிக்காக லூயி பௌல்சன் என்னும் விளக்கு நிறுவனத்துடன் சேர்ந்து அவர் விளக்குகளைச் செய்தார். அடுத்த ஆண்டு கோபன்ஹேகனில் ஃபோரம் கண்காட்சி அரங்குக்காக அந்த எண்ணம் மூன்று தட்டு விளக்காக முதிர்ந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் மூன்று குடைகள். அவற்றின் வளைவு மடக்கைச் சுருள் என்னும் கணித வளைவிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தச் சுருளின் மையத்தில் பல்பு இருப்பதால், குடையின் எந்தப் புள்ளியிலும் ஒளி ஏறக்குறைய ஒரே கோணத்தில் படுகிறது. எந்த இடமும் மற்றோர் இடத்தைவிடத் தனித்துப் பளிச்சிடுவதில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பல்பு தெரியாது. தட்டுகளில் பட்டுத் திரும்பிய ஒளி மட்டுமே கீழேயும் பக்கங்களிலும் பரவுகிறது.

இந்த விளக்கில் ஒட்டவைத்த அலங்காரம் என்று எதையும் காட்ட முடியாது. தட்டுகளின் எண்ணிக்கை, அவற்றின் இடைவெளி, விளிம்பின் வளைவு ஆகிய ஒவ்வொன்றும் கணக்கிலிருந்து வந்தவை. அப்படியிருந்தும் அணைந்த நிலையில் அது ஒரு சிற்பம் போலத் தொங்குகிறது. கலையும் பயனும் சந்திக்கும் இடம் எது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இதைத்தான்.

ஹென்னிங்சன் செய்த பி.எச். 5 விளக்கின் உட்புறத்தில் சிவப்பும் நீலமும் பூசியிருப்பது ஏன்?

1958இல் வந்த பி.எச். 5, 50 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. பெயரிலுள்ள 5 அதைக் குறிக்கிறது. பல்பு உற்பத்தியாளர்கள் ஓயாமல் பல்பின் அளவையும் உருவத்தையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் முன்பு கணக்கிட்டுச் செய்த குடைகளில் பல்பு உரிய மையத்தில் நிற்கவில்லை. சலித்துப்போன ஹென்னிங்சன், எந்தப் பல்பை மாட்டினாலும் கூசாத விளக்காக இதை வடிவமைத்தார். வண்ணங்களுக்கும் காரணம் உண்டு. மனிதக் கண் மஞ்சள்-பச்சைப் பகுதி ஒளியை மிக நன்றாக உணர்கிறது. நிறமாலையின் இரு முனைகளிலும் உள்ள சிவப்பையும் நீலத்தையும் குறைவாக உணர்கிறது. அந்த இரண்டையும் சற்றே தூக்கிக் கொடுத்தால் மொத்த ஒளியும் கண்ணுக்கு இதமாகும் என்பது அவருடைய வாதம். அதை முழுவதும் ஏற்றுக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆனால் வெள்ளைத் தட்டின் அடியில் கசியும் அந்த மெல்லிய நிறத்தைப் பார்த்தபின் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

அதே 1958இல் கோபன்ஹேகனின் லாங்கலினி உணவகத்துக்காக அவர் செய்த, இலையடுக்குள்ள ஒரு காய்கறியின் பெயர்கொண்ட ஆர்ட்டிசோக் விளக்கில் 12 வரிசைகளில் 72 இலைகள் உள்ளன. பார்ப்பதற்கு ஆடம்பரமாகத் தோன்றினாலும், அந்த இலைகளும் பல்பை எல்லாக் கோணத்திலிருந்தும் மறைக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

பளிங்குக் கல்லில் நிற்கும், வில்லாய் வளைந்த அந்தப் பெரிய விளக்கு வெறும் பகட்டுதானே?

ஆர்கோ என்ற அந்த விளக்கைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஓட்டல் வரவேற்பறைகளில் அதன் நகல்கள் வெறுமனே ஓரத்தில் நின்றுகொண்டிருப்பதும் ஒரு காரணம். ஆனால் இத்தாலியின் கஸ்டிலியோனி சகோதரர்களான அகில்லேயும் பியெர் ஜாக்கோமோவும் 1962இல் ஃப்ளோஸ் நிறுவனத்துக்காக அதை வடிவமைத்தபோது, அவர்கள் முன் இருந்தது வீட்டுக்காரர்கள் எல்லாரும் அறிந்த ஒரு சிக்கல்: கூரையில் துளையிடாமல், கம்பி இழுக்காமல், சாப்பாட்டு மேசைக்கு நேர்மேலே ஒளியைக் கொண்டுவருவது எப்படி? மேசையை நகர்த்தினால் தொங்கு விளக்கு பழைய இடத்திலேயே நின்றுவிடும் அல்லவா?

தெருவிளக்கு இதற்கு வழிகாட்டியது. தெருவிளக்கின் கம்பம் ஓரத்தில் நிற்க, அதன் தலை சாலைக்கு மேல் நீள்கிறது. அதையே வீட்டுக்குள் கொண்டுவந்தால், ஏறத்தாழ 2 மீட்டர் நீண்டு நிற்கும் வளைவு தன் தலைப்பாரத்தால் கவிழாமல் இருக்க அடியில் கனமான எடை வேண்டும். சிமென்ட்டைவிடப் பளிங்கு அடர்த்தியானது, குறைந்த இடத்தில் கூடிய எடையைத் தருவது, துடைத்தால் சுத்தமாவது. ஆகவே ஏறக்குறைய 65 கிலோ எடையுள்ள கராரா பளிங்குக் கல். யாரும் இடித்துக்கொண்டு காயப்படாமல் இருக்க அதன் முனைகள் மழுங்கச் செதுக்கப்பட்டன. கல்லின் நடுவே உள்ள துளையைக் கலைநயம் என்று பலர் நினைக்கிறார்கள். துடைப்பக் கட்டையை அதில் நுழைத்து இரண்டு பேர் தூக்கி நகர்த்துவதற்காக இடப்பட்ட துளை அது! வளைந்த எஃகுத் தண்டு ஒன்றுக்குள் ஒன்று செருகும் மூன்று துண்டுகளால் ஆனது. மின்கம்பி அதற்குள்ளேயே ஓடுகிறது. தலையில் உள்ள துளைகள் பல்பின் சூட்டை வெளியேற்றுவன. வளைவு அவ்வளவு நீண்டிருப்பதால், அமர்ந்திருப்பவர்களின் முதுகுக்கும் தண்டுக்கும் இடையே ஒருவர் பாத்திரத்துடன் நடந்து பரிமாறலாம்.

அப்படியானால் அதைக் கலைப்படைப்பு என்று சொல்வது வெறும் பேச்சுதானா?

நீதிமன்றம் வரை போன கேள்வி இது. ஓவியத்துக்கும் இலக்கியத்துக்கும் கிடைக்கும் பதிப்புரிமை, தொழிற்சாலையில் செய்யப்படும் பயன்பாட்டுப் பொருளுக்கும் உண்டா என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. இத்தாலியில் நெடுங்காலம் இருந்த விதி வேடிக்கையானது: கலையம்சத்தைப் பொருளிலிருந்து தனியே பிரித்தெடுக்க முடிந்தால்தான் அதற்குப் பதிப்புரிமை. ஒரு குவளையின் மேல் தீட்டிய பூவைப் பிரித்துக் காட்டலாம். ஆர்கோவின் வளைவை ஆர்கோவிலிருந்து எப்படிப் பிரிப்பது? கலை பயனோடு எவ்வளவு இரண்டறக் கலந்திருக்கிறதோ, அவ்வளவுக்குப் பாதுகாப்பு குறைவு என்பதே அந்த விதியின் விளைவு. 2001இல் அது மாற்றப்பட்டது. பின்னர் ஆர்கோவைப் போன்ற ஒரு விளக்கைச் சீனாவிலிருந்து இறக்குமதி செய்து விற்ற ஒரு நிறுவனத்தின்மீது ஃப்ளோஸ் வழக்குத் தொடுத்தது. மிலான் நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கின் சட்டக் கேள்விகளுக்கு ஐரோப்பிய நீதிமன்றம் 2011 ஜனவரியில் விடையளித்தது: பதிப்புரிமைக்கு உரிய தகுதி இருக்கும் ஒரு வடிவமைப்பு, வடிவமைப்புப் பதிவின்கீழ் பாதுகாப்பை இழந்து பொதுவுடைமை ஆகிவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் பதிப்புரிமையை இழந்துவிடக் கூடாது.

சட்டத்தின் பழைய விதியே நமக்கு ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது என்பது என் எண்ணம், தலைகீழாகப் பிடித்தால். எந்த விளக்கிலிருந்து ‘கலை’யைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பயன்படுத்த முடிகிறதோ, அந்த விளக்கில் கலை மேலோட்டமானது.

காகித விளக்குகள் மலிவான பொருள் என்ற பெயர் எடுத்திருக்கின்றனவே, அவற்றையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா?

மலிவான வெள்ளைக் காகித உருண்டைகளுக்கெல்லாம் முன்னோடி, அமெரிக்க-ஜப்பானியச் சிற்பி இசாமு நொகுச்சி செய்த அகாரி விளக்குகள். 1951இல் அவர் ஜப்பானின் கிஃபு நகருக்குச் சென்றார். மரபான காகித விளக்குகளுக்கும் நாகரா ஆற்றில் நீர்க்காகங்களை விட்டு மீன்பிடிப்பதற்கும் பெயர்போன ஊர் அது. நலிந்துகொண்டிருந்த விளக்குத் தொழிலுக்கு உதவுமாறு அவ்வூர் மேயர் கேட்டுக்கொள்ள, நொகுச்சி அங்குள்ள ஓசெகி பட்டறையோடு சேர்ந்து வேலைசெய்யத் தொடங்கி, பின்வந்த ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களை உருவாக்கினார்.

மர அச்சு ஒன்றின் மேல் மூங்கில் இழையைச் சுற்றி, முசுக்கட்டை வகை மரப்பட்டை நாரில் செய்த கைக்காகிதத்தை அதன்மேல் ஒட்டுகிறார்கள். பசை உலர்ந்ததும் உள்ளிருக்கும் அச்சைத் துண்டுதுண்டாகக் கழற்றி எடுத்துவிட, கூடு மட்டும் நிற்கிறது. அதை மடித்துத் தட்டையாக்கி அஞ்சலில் அனுப்பலாம். கல்லையும் உலோகத்தையும் செதுக்கிய ஒருவர் எடையே இல்லாத சிற்பத்தைச் செய்ய விரும்பினார் என்பதில் வியப்பில்லை. 1986ஆம் ஆண்டு வெனிஸ் பியெனாலே என்னும் சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அமெரிக்க அரங்கைத் தமக்குத் தந்தபோது, அவர் தம் சிற்பங்களுடன் அகாரிகளையும் வைத்தார். காகிதம் இங்கே குடை மட்டுமன்று. ஒளி கசியும் பரப்பே அதுதான். ஒரு சிறு இழையின் கூர்மையான ஒளி, பெரிய பரப்பில் பரவும்போது, மொத்த அளவு பெரிதும் குறையாமலே கண்ணுக்கு மென்மையாகிவிடுகிறது. மழைக்காலப் புழுக்கமும் தூசியும் உள்ள ஊர்களில் காகிதம் சீக்கிரம் மங்கும் என்பதை வாங்குமுன் நினைவில் கொள்ளுங்கள். உலர்ந்த மென்தூரிகையால் தட்டலாம். ஈரத்துணி படவே கூடாது.

படிக்கும் விளக்கில் கலைக்கு என்ன வேலை?

இங்கே கலை பெரும்பாலும் பொறியியலாகவே இருக்கிறது. மோட்டார் வாகனங்களின் அதிர்வுதாங்கிகளில் வேலைசெய்த ஆங்கிலேயப் பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன் 1932இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஆங்கிள்பாய்ஸ், ஸ்பிரிங்குகளின் இழுவிசையால் கை போல மடங்கி, விட்ட இடத்தில் நிற்கும். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1972இல் ரிச்சர்ட் சாப்பர் ஆர்ட்டெமிடே நிறுவனத்துக்காகச் செய்த டிட்சியோவில் ஸ்பிரிங் இல்லை, எதிர் எடைகள்தாம். மின்கம்பியும் வெளியே தெரியாது. அடிப்பெட்டிக்குள் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துவிடுவதால், உலோகக் கைகளே மின்சாரத்தைக் கடத்துகின்றன. ஒரு விரலால் தொட்டு நகர்த்தும்போது அந்தக் கைகள் மிதப்பது போலிருக்கும்.

எல்இடி வந்தபின் என்ன மாறியது?

ஏறக்குறைய எல்லாம் மாறின. நீல ஒளி தரும் எல்இடியைச் சாத்தியமாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின் ஒரு பகுதி மஞ்சள் ஒளிரும் பூச்சில் பட்டு நிறம் மாற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. வடிவமைப்பாளருக்கு இதில் கிடைத்த விடுதலை பெரிது: பல்பின் உருண்டையையும் அதன் கடுஞ்சூட்டையும் சுற்றி இடம் விட வேண்டியதில்லை, கோடு போல மெல்லிய விளக்கையும் காகிதத்தில் ஒட்டிய விளக்கையும் செய்யலாம்.

இழப்புகளும் உண்டு. எல்இடி மிகச் சிறிய புள்ளியிலிருந்து வீசுவதால் கண்கூச்சம் முன்னைவிடக் கூடியிருக்கிறது. ஹென்னிங்சன் தீர்த்துவைத்த சிக்கல் திரும்பி வந்துவிட்டது எனலாம். இழை பல்பை டிம்மரில் குறைத்தால் ஒளி மஞ்சளாகிச் சிவந்து அணையும். சாதாரண எல்இடியோ நிறம் மாறாமல் மங்கிச் சாம்பல் பூத்துவிடுகிறது. பல்பைக் காதலித்தவரான ஜெர்மானிய வடிவமைப்பாளர் இங்கோ மௌரர், 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் பழைய பல்புகளை விலக்கத் தொடங்கி, பூச்சிட்ட பல்புகளை முதலில் நிறுத்தியபோது, தெளிந்த பல்பின்மேல் மாட்டிப் பூச்சிட்டதுபோல் ஆக்கும் சிலிக்கோன் உறை ஒன்றைச் செய்து எதிர்ப்புத் தெரிவித்தார். குறும்பான எதிர்ப்புதான்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. இன்று விற்கும் பல விளக்குகளில் எல்இடி உடலோடு ஒட்டப்பட்டிருக்கிறது. அது செத்தால் விளக்கையே தூக்கி எறிய வேண்டும். 1926இன் மூன்று தட்டு விளக்கில் இன்றும் புதுப் பல்பை மாட்ட முடிகிறது. விலையுயர்ந்த விளக்கை வாங்குவோர், எல்இடியையும், அதற்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற பாகத்தையும் தனியே மாற்ற முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும்.

வார்ம் ஒயிட், கூல் டேலைட் இவற்றில் எதைத் தேர்வது?

வெள்ளொளியின் நிறச்சாயலைக் கெல்வின் என்ற அலகால் குறிக்கிறார்கள்; எண் கூடக்கூட ஒளி மஞ்சளிலிருந்து நீலம் நோக்கிப் போகும். ஓய்வெடுக்கும் அறைகளுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான வார்ம் ஒயிட் பொருந்தும். சமையல் மேடைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000 வரை போகலாம். 6500 கெல்வின் நீலவெள்ளையை டியூப்லைட் பழக்கத்தால் நாம் வீடு முழுவதும் போட்டுவிடுகிறோம். மாலை நேரத்துக்கு அது ஏற்றதன்று.

கெல்வினைவிடக் கவனிக்க வேண்டியது, பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று அச்சிட்டிருக்கும் நிறக்காட்டல் எண். 100 என்பது உச்சம். வீட்டுக்கு 90க்கு மேல் நல்லது. ஆனால் அந்த எண் எட்டு மங்கலான நிறங்களை வைத்துக் கணக்கிடப்படும் சராசரி. அடர்சிவப்பு அந்த எட்டில் இல்லை; அதை ஆர்9 என்று தனியே அளக்கிறார்கள். ஆர்9 குறைந்த விளக்கின் கீழ் அரக்குச் சிவப்புப் பட்டு பழுப்பாகத் தெரியும். தக்காளி பழையதாகத் தெரியும். மனித முகத்திலும் இரத்தவோட்டம் வடிந்துவிடும்.

ஓர் அறைக்கு எத்தனை விளக்குகள் வேண்டும்?

எண்ணிக்கையைவிட வகையைப் பார்ப்பது நல்லது. கட்டடக் கலைஞர் லூயி கானுடன் சேர்ந்து டெக்சஸின் கிம்பெல் அருங்காட்சியகத்துக்கு (1972) ஒளியமைத்த அமெரிக்கர் ரிச்சர்ட் கெல்லி, ஒளியை மூன்றாகப் பிரித்தார்: அறை முழுவதும் நிழலின்றி நிரம்பும் பொது ஒளி, ஒரு மேசையை, ஒரு நாற்காலியைத் தனித்துக் காட்டும் குவியொளி, கண்ணாடித் துணுக்கிலும் சுடரிலும் மினுங்கும் விளையாட்டு ஒளி. நம் வீடுகளில் முதலாவது மட்டும் இருக்கிறது, அதுவும் தேவைக்கு மேல். ஃபால்ஸ் சீலிங்கில் வரிசையாகப் பதித்த பத்துப் பன்னிரண்டு விளக்குகள் அறையைக் கடைபோல் ஆக்கிவிடுகின்றன. முகத்தில் கண்குழிக்கு நிழலும் மூக்கின்கீழ் நிழலும் விழுகின்றன. அவற்றில் பாதியைக் குறைத்து, சுவரை நோக்கி ஒன்றையும் அமர்ந்து படிக்கும் மூலையில் தாழ்வாக ஒன்றையும் வைத்துப் பாருங்கள்.

பெரிய பொது இடங்களில் இது எப்படிச் செயல்படுகிறது?

மியூனிக் நகரில் 1998இல் திறக்கப்பட்ட வெஸ்ட்ஃபிரீட்ஹோஃப் சுரங்க ரயில் நிலையம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே முன்பு சொன்ன இங்கோ மௌரர், 3.80 மீட்டர் விட்டமுள்ள 11 அலுமினியக் கவிகைகளை நடைமேடைக்கு மேல் தொங்கவிட்டு, உட்புறங்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் நீலமும் தீட்டினார். சுவர்கள் தோண்டிய குகையின் கரடுமுரடோடு விடப்பட்டு, நீலம் படர்ந்து பின்வாங்குகின்றன. காத்திருப்பவர்கள் தாமாகவே கவிகைகளுக்குக் கீழே ஒதுங்குகிறார்கள். சுரங்கத்தின் பயத்தைப் போக்க எல்லா இடத்தையும் பகலாக்க வேண்டியதில்லை, மனிதர் நிற்கும் இடத்தை மட்டும் வெதுவெதுப்பாக்கினால் போதும் என்பதை அந்த நிலையம் காட்டுகிறது.

சாப்பாட்டு மேசைக்கு மேல் விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடலாம்? மின்விசிறி இருக்கிறதே?

பி.எச். 5 போன்ற விளக்கு மேசைப் பரப்பிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கலாம். எதிரே இருப்பவர் முகம் மறையாமல், பல்பும் தெரியாமல் இருக்க வேண்டும். நாம் பொதுவாகத் தயங்கி மிக உயரத்தில் மாட்டிவிடுகிறோம். ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், உயரம் இரட்டித்தால் மேசையில் விழும் ஒளி ஏறக்குறைய கால் பங்காகிவிடும்.

மின்விசிறியைப் பொறுத்தவரை, விளக்கு இறக்கைகளுக்கு மேலே இருந்தால் அவை ஒளியை வெட்டி அறை முழுவதும் துடிக்கச் செய்யும். தொங்கு விளக்கின் பல்பு இறக்கைகளின் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். விசிறியை மேசையின் நடுவிலிருந்து தள்ளி மாட்டவும். காற்றில் ஆடும் அளவுக்கு எடை குறைந்த குடையைத் தவிர்க்கவும். கூரை வார்க்கும்போதே விசிறிக் கொக்கிக்கும் விளக்குக் கொக்கிக்கும் தனித்தனி இடம் குறித்துக் கொடுத்துவிட்டால், பின்னால் எலெக்ட்ரீஷியனோடு வாதாட வேண்டியிராது.

கடையில் ஒரு விளக்கை எப்படிச் சோதிப்பது?

அதன் கீழே நாற்காலி போட்டு உட்காருங்கள். நின்று பார்த்து வாங்கிய விளக்கு உட்கார்ந்தபின் கண்ணைக் குத்துவது வழக்கம். சுற்றியுள்ள மற்ற விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, உங்கள் உள்ளங்கையை ஒளியில் நீட்டித் தோலின் நிறத்தைப் பாருங்கள். கைப்பேசிக் கேமராவை அதன்மேல் திருப்பினால் திரையில் கருங்கோடுகள் தடித்து ஓடுகின்றனவா என்று தெரியும். ஓடினால் டிரைவர் தரமற்றது, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் துடிப்பை அது ஒளிக்குள் விட்டுவிடுகிறது. கடைசியாக விளக்கை அணைக்கச் சொல்லிச் சற்றுநேரம் பாருங்கள், ஏனென்றால் பகல் முழுவதும் அது அப்படித்தான் உங்கள் வீட்டில் தொங்கப்போகிறது.